வார்ப்புப் படிமமும் ஆட்டக்கள அழுத்தமும்: வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியில் ஐரோப்பிய இளம் வீரர்கள்

முன்னுரை

ஒரு நாட்டினர் அல்லது ஓர் இனத்தினர் இத்தகைய இயல்பினர்தாம் என முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளும் போக்கு எல்லாச் சமூகங்களிலும் காணப்படுவதாகும். இப்போக்கு வெளிப்படும் களங்களுள் விளையாட்டும் ஒன்று. வெற்றி தோல்வி உடனுக்குடன் தெரிந்துவிடுவதாலும், அவற்றுக்குக் காரணம் கூற வேண்டிய தேவை செய்தியாளருக்கும் பார்வையாளருக்கும் அன்றாடம் எழுவதாலும், ஒரு தனிமனிதனின் தோல்வி அவன் பிறந்த நாட்டின் குணமாக அங்கே எளிதில் மாற்றப்பட்டுவிடுகிறது.

இக்கட்டுரை வட அமெரிக்கத் தேசிய ஹாக்கி லீக்கில் ஆடிய சுவீடன், ரஷ்ய நாட்டு வீரர்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு, நாட்டுப் படிமமும் இறுதிக்கட்ட ஆட்டங்களின் அழுத்தமும் ஒன்றையொன்று எவ்வாறு பாதிக்கின்றன என்பதையும், இளம் வீரர்கள் அவ்விரண்டையும் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதையும் ஆராய முற்படுகிறது. ஐஸ் ஹாக்கி எனப்படும் பனித்தள ஹாக்கி நம் வட்டார வாசகர்களுக்கு அத்துணைப் பழக்கமான விளையாட்டு அன்று. எனினும், இங்கு எழுப்பப்படும் வினா வகுப்பறையில் மாணவரை மதிப்பிடும் ஆசிரியர்க்கும் உரியது என்பதனாலேயே இதனை எடுத்துக்கொண்டோம்.

வார்ப்புப் படிமம்: சொல்லும் பொருளும்

அச்சுக்கலையில், எழுத்துகளைக் கோத்து அமைத்த பக்கத்தை உலோகத் தகடாக வார்த்து, அதனைக் கொண்டு ஒரே பக்கத்தை மீண்டும் மீண்டும் அச்சிடும் முறை ஒன்று இருந்தது. அவ்வார்ப்புத் தகட்டின் பெயரை மனித மனத்தின் போக்கிற்கு உவமையாக்கிச் சமூகச் சிந்தனையில் நிலைபெறச் செய்தவர் அமெரிக்க இதழாளர் வால்ட்டர் லிப்மன். 1922ஆம் ஆண்டு வெளிவந்த பொதுமக்கள் கருத்து பற்றிய தம் நூலில் அவர் இச்சொல்லைக் கையாண்டார். நாம் இங்கு இதனை ‘வார்ப்புப் படிமம்’ என வழங்குகிறோம். ஒருமுறை வார்த்த தகட்டில் எழுத்தைத் திருத்த இயலாது. அதுபோலவே, ஒருமுறை அமைந்த படிமம் புதிய சான்றுகளால் எளிதில் திருந்துவதில்லை.

அது ஏன் திருந்துவதில்லை என்பதற்குச் சமூக உளவியலாளர் தாமஸ் பெட்டிகுரு 1979ஆம் ஆண்டு ஒரு விளக்கம் தந்தார். பிற குழுவினர் ஒருவர் தவறினால், அத்தவறு அக்குழுவின் இயல்பினால் நேர்ந்தது என்கிறோம். அவரே சிறந்தால், அது நற்பேறு என்றோ, சூழல் உதவியது என்றோ, அவர் ஒரு விதிவிலக்கு என்றோ கூறிவிடுகிறோம். இவ்வாறு தோல்வி படிமத்தை உறுதிப்படுத்துகிறது. வெற்றியோ அதனைத் தொடுவதே இல்லை. பின்வரும் செய்திகளைப் படிக்கும்போது இக்கருத்தை நினைவிற்கொள்வது நலம்.

படிமங்கள் தோன்றிய வரலாறு

தேசிய ஹாக்கி லீக் 1917ஆம் ஆண்டு கனடாவில் தொடங்கப்பெற்றது. பின்னர் அமெரிக்க நகரங்களுக்குப் பரவியபோதும் நெடுங்காலம் அதன் வீரர்கள் பெரும்பாலும் கனடியராகவே இருந்தனர். ஆகவே ஹாக்கி ‘நம் ஆட்டம்’ என்னும் உணர்வு கனடாவில் வேரூன்றியது. 1972ஆம் ஆண்டு செப்டம்பரில் கனடாவின் தொழில்முறை வீரர்களும் சோவியத் அணியினரும் எட்டு ஆட்டங்கள் கொண்ட தொடரில் மோதினர். மொன்றியலில் நடந்த முதல் ஆட்டத்தில் சோவியத் அணி 7-3 என வென்றது கனடாவை அதிர வைத்தது. தொடரின் முடிவில் கனடா நான்கு வெற்றி, மூன்று தோல்வி, ஒரு சமநிலை என மயிரிழையில் முந்தியது. எட்டாம் ஆட்டத்தில் 34 விநாடிகளே எஞ்சியிருந்தபோது பால் ஹெண்டர்சன் அடித்த கோலே அதனை முடிவு செய்தது. அக்காலத்தில் சோவியத் வீரர்களைப் பற்றி வழங்கிய படிமம் உணர்ச்சியற்ற இயந்திர மனிதர் என்பதாகும்.

அடுத்த ஆண்டு, 1973இல், போர்யே சால்மிங், இங்கே ஹம்மர்ஸ்ட்ரோம் என்னும் சுவீடன் வீரர் இருவர் டொரோண்டோ அணியில் சேர்ந்தனர். சுவீடன் நாட்டினர் உடல் மோதலுக்கு அஞ்சுபவர் என்னும் படிமம் அவர்களை வரவேற்றது. எதிரணியினர் அவர்களைக் கோழிகள் என்று ஏசினர். அவர்கள் அணியின் உரிமையாளர் ஹரால்ட் பல்லார்டே, ஹம்மர்ஸ்ட்ரோம் சட்டைப்பையில் ஆறு முட்டைகளுடன் அரங்கின் மூலைக்குள் சென்றாலும் ஒரு முட்டையும் உடையாது என்னும் பொருள்பட இகழ்ந்தார். சால்மிங்கோ பதினாறு பருவங்கள் அவ்வணியில் நிலைத்தார். 1986ஆம் ஆண்டு சறுக்குக் காலணியின் அலகு முகத்தைக் கிழித்து, இருநூறுக்கும் மேற்பட்ட தையல்கள் இடப்பட்ட பின்னரும் களத்திற்குத் திரும்பினார். 1996இல் ஹாக்கிப் புகழரங்கில் இடம்பெற்றார்.

சோவியத் வீரர்கள் அரசின் ஒப்புதலுடன் இந்த லீக்கில் ஆடத் தொடங்கியது 1989ஆம் ஆண்டில். அதே ஆண்டில் இளம் வீரர் அலெக்ஸாண்டர் மொகில்னி ஸ்டாக்ஹோமில் தம் அணியை விட்டு வெளியேறி அமெரிக்காவை அடைந்தார். இதன்பின் ரஷ்யரைப் பற்றிய படிமம் வியப்பூட்டும் வகையில் மாறியது. முன்பு தனித்தன்மை இழந்து கூட்டத்தில் கரைந்தவர் எனப்பட்டவர், இப்போது தன்னலம் மிக்கவர், தம் கோலை மட்டுமே எண்ணுபவர், ஸ்டான்லி கோப்பையின் அருமை அறியாதவர், புரிந்துகொள்ள முடியாத புதிர் எனச் சொல்லப்பட்டார். இவ்விரு படிமங்களும் ஒன்றுக்கொன்று முற்றிலும் முரணானவை. குற்றச்சாட்டின் உள்ளடக்கம் தலைகீழாக மாறியும் குற்றம் சாட்டப்படுபவர் மாறவில்லை. வார்ப்புப் படிமம் பிறரை உற்றுநோக்கிப் பெற்ற முடிபு அன்று, பிறரை விலக்கி நிறுத்துவதற்குத் தேவைப்படும் கருவி என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைத்தல் அரிது.

வேறுபாடுகளே இல்லை என்பது நம் வாதம் அன்று. ஐரோப்பியப் பனித்தளம் மரபாக ஏறத்தாழ 30 மீட்டர் அகலமுடையது; வட அமெரிக்கத் தளமோ 26 மீட்டர் அகலமுடையது. அகன்ற தளத்தில் வட்டைத் தம்மிடமே வைத்துக்கொண்டு சுற்றிவந்து வழி தேடுதல் அறிவுடைய ஆட்டமாகும். குறுகிய தளத்தில் வட்டை முன்னே தள்ளிவிட்டு, மூலையில் மோதிக் கைப்பற்றுதல் பெருவழக்காயிற்று. முதல் முறையில் பயின்றவர் இரண்டாம் முறையினர் கண்களுக்கு மோதலைத் தவிர்ப்பவராகத் தோன்றுவார். மேலும், ஆட்டம் முடிந்தவுடன் ஆங்கிலத்தில் எழுப்பப்படும் வினாக்களுக்கு இரண்டு சொற்களில் விடை கூறும் இளைஞர், மொழி அறியாதவர் எனக் கருதப்படாமல் மனம் திறவாதவர் எனக் கருதப்படுவார். பயிற்சியும் மொழியும் விளைவித்த வேறுபாடுகள் குணத்தின் குறைபாடுகளாகப் பெயர்க்கப்பட்டன என்பதே நம் கருத்து.

இறுதிக்கட்ட ஆட்டங்களின் இயல்பு

பிளேஆஃப் எனப்படும் இறுதிக்கட்டச் சுற்றுகளில் பதினாறு அணிகள் இடம்பெறுகின்றன. சுற்றுகள் நான்கு. ஒவ்வொரு சுற்றிலும் ஏழு ஆட்டங்களுள் நான்கை வெல்லும் அணி முன்னேறும். கோப்பையைக் கைப்பற்ற ஏறத்தாழ இரண்டு மாதங்களில் பதினாறு வெற்றிகள் தேவை. ஒரே எதிரணியை அடுத்தடுத்துச் சந்திப்பதால் சிறந்த வீரரை முடக்கும் வழிகளைப் பயிற்றுநர் நாளுக்கு நாள் செப்பமாக்குவார். சொந்தத் தளத்தில் ஆடும் அணியின் பயிற்றுநருக்கு வீரர்களை இறுதியாக மாற்றும் உரிமை உண்டு. எனவே எதிரணியின் முதன்மை வீரருக்கு எதிராகத் தம் சிறந்த தடுப்பாளரை அவர் நிறுத்த இயலும். கோல்கள் குறைவாக விழும் ஆட்டமாதலின், ஒரு கோல் காவலரின் திறனோ வட்டின் ஒரு தவறான துள்ளலோ தொடரின் முடிவை மாற்றிவிடக்கூடும். ஏழு ஆட்டங்கள் ஒருவரின் நெஞ்சுரத்தை அளக்கப் போதுமான அளவுகோல் அல்ல என்பது இதனால் விளங்கும்.

அழுத்தம் திறனைக் குலைக்கும் விதம் குறித்து உளவியல் சில செய்திகளைத் தருகிறது. நன்கு பயின்ற செயல் தன்னுணர்வின் கண்காணிப்பு இன்றியே நிகழ்வது. தவறிவிடுவோமோ என்னும் அச்சத்தால் அச்செயலின் ஒவ்வொரு படியையும் உற்றுநோக்கத் தொடங்கினால் அதன் ஓட்டம் தடைப்படுகிறது. சியான் பைலாக், தாமஸ் கார் ஆகியோர் 2001ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இக்கருத்தை வலியுறுத்துவதாகும்.

இவ்வச்சத்தோடு தம் குழுவைப் பற்றிய படிமமும் சேர்ந்தால் நிகழ்வதைக் கிளாட் ஸ்டீல், ஜோஷுவா ஆரன்சன் இருவரும் 1995இல் ஆராய்ந்து ‘படிம அச்சுறுத்தல்’ என்னும் கருத்தாக்கத்தை முன்வைத்தனர். ஜெஃப் ஸ்டோன் குழுவினர் 1999இல் இதனைக் கோல்ஃப் ஆட்டத்தில் சோதித்தனர். இயற்கையான உடற்திறனைச் சோதிப்பதாகக் கூறியபோது வெள்ளையின மாணவரும், விளையாட்டு நுண்ணறிவைச் சோதிப்பதாகக் கூறியபோது கறுப்பின மாணவரும் திறன் குன்றினர். இரு தரப்பினரும் ஆடியது ஒரே ஆட்டமே. எனினும், பின்னாளில் நிகழ்ந்த பெரிய மறுஆய்வுகள் சில, படிம அச்சுறுத்தலின் விளைவை முதலில் கூறப்பட்ட அளவில் உறுதிசெய்யவில்லை என்பதையும் குறிப்பிடுதல் வேண்டும். ஆகவே, ஒரு வீரர் கோல் அடிக்காமைக்குப் படிமமே காரணம் என இங்கு நாம் கூறத் துணியவில்லை. தவறினால் தன் பெயரோடு தன் நாட்டின் பெயரும் சேர்த்து உரைக்கப்படும் என்னும் கூடுதல் சுமை அவருக்கு உண்டு என்பதையே கூறுகிறோம்.

மால்கின்: 2008, 2009

எவ்கெனி மால்கின் 2006ஆம் ஆண்டு ஆகஸ்டில், இருபது வயதில், ரஷ்யாவின் மக்னிதகோர்ஸ்க் அணி பயிற்சிக்காக ஃபின்லாந்து சென்றிருந்தபோது ஹெல்சிங்கியில் அதனைவிட்டு நீங்கி அமெரிக்கா வந்தார். ஆங்கிலம் அறியாத அவர் பிட்ஸ்பர்க் அணியில் தமக்கு மூத்த ரஷ்ய வீரரான செர்கெய் கொன்சாரின் இல்லத்தில் தங்கினார். 2008ஆம் ஆண்டு அவ்வணி இறுதித் தொடரை எட்டி டிட்ராய்ட்டிடம் 4-2 எனத் தோற்றது. அத்தொடரில் மால்கினின் ஆட்டம் பெரிதும் தணிந்திருந்தது. பெரிய ஆட்டங்களில் மறைந்துவிடுபவர் என்னும் பழைய பேச்சும் உடன் எழுந்தது.

அவரை வீழ்த்திய டிட்ராய்ட் அணி எத்தகையது என்பதே இங்குக் கருதத்தக்கது. அதன் தலைவர் சுவீடன் நாட்டவரான நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோம். கோப்பையை வென்ற அணிக்குத் தலைமை தாங்கிய முதல் ஐரோப்பியர் அவரே. இறுதிக்கட்டத்தின் தலைசிறந்த வீரருக்குரிய கான் ஸ்மைத் விருதை அவ்வாண்டு பெற்ற ஹென்ரிக் செட்டர்பெர்க்கும் சுவீடன் நாட்டவரே. எதிரணியினரின் அடிகளைத் தாங்கிக்கொண்டு கோல் முகப்பில் அசையாது நிற்பதையே தம் கலையாகக் கொண்ட தாமஸ் ஹோல்ம்ஸ்ட்ரோமும் அந்நாட்டவரே. 1973இல் அஞ்சுபவர் எனப்பட்ட நாட்டினர் 2008இல் அஞ்சாமையால் வென்றனர். ஆயினும், அத்தோல்வியைப் பற்றிய பேச்சில் சுவீடன் வீரரின் திறன் பின்னே தள்ளப்பட்டு ரஷ்யரின் குறை முன்னே வைக்கப்பட்டது.

அடுத்த ஆண்டு அவ்விரு அணிகளே மீண்டும் இறுதியில் மோதின. முதல் இரண்டு ஆட்டங்களில் தோற்ற பிட்ஸ்பர்க், ஏழாம் ஆட்டத்தில் டிட்ராய்ட்டின் சொந்தத் தளத்தில் 2-1 என வென்றது. மால்கின் 24 ஆட்டங்களில் 14 கோல்களும் 22 கோல் உதவிகளுமாக 36 புள்ளிகள் பெற்று, கான் ஸ்மைத் விருது பெற்ற முதல் ரஷ்யரானார். அப்போது அவருக்கு வயது 22. ஓராண்டில் ஒருவரின் இரத்தம் மாறுவதில்லை. அனுபவமும் உடல்நிலையும் துணைவீரரும் எதிரணியின் களைப்பும் மாறக்கூடியவை.

ஓவெச்கினும் குரோஸ்பியும்

2004ஆம் ஆண்டுத் தேர்வில் முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அலெக்ஸாண்டர் ஓவெச்கினும், 2005ஆம் ஆண்டுத் தேர்வில் முதலாவதாக வந்த கனடிய வீரர் சிட்னி குரோஸ்பியும் ஒரே பருவத்தில் இந்த லீக்கில் ஆடத் தொடங்கினர். தொடக்கம் முதலே இவ்விருவரும் எதிரெதிர் நிறுத்திப் பேசப்பட்டனர். அடக்கமானவர் கனடியர், ஆரவாரமானவர் ரஷ்யர் என்னும் வாய்பாடு அமைந்தது. கோல் அடித்தபின் ஓவெச்கின் துள்ளி மகிழ்வதைக் கனடிய வருணனையாளர் டான் செரி 2009ஆம் ஆண்டு தொலைக்காட்சியில் கடுமையாகக் கண்டித்தார். உணர்ச்சியற்றவர் என முந்திய தலைமுறை ரஷ்யரைப் பழித்த நாட்டில், உணர்ச்சியை வெளிக்காட்டியமைக்காக அடுத்த தலைமுறை ரஷ்யர் பழிக்கப்பட்டார்.

2009ஆம் ஆண்டு இரண்டாம் சுற்றில் இருவரின் அணிகளும் மோதின. இரண்டாம் ஆட்டத்தில் இருவருமே மும்மூன்று கோல்கள் அடித்தனர். ஏழு ஆட்டங்களின் முடிவில் பிட்ஸ்பர்க் வென்றது. ஓவெச்கின் 14 புள்ளிகளும் குரோஸ்பி 13 புள்ளிகளும் பெற்றிருந்தனர். தோற்ற அணியின் வீரர் வென்ற அணியின் தலைவரைவிட ஒரு புள்ளி கூடுதலாகப் பெற்றார் என்பது குறிப்பிடத்தக்கது.

2010ஆம் ஆண்டின் நிகழ்வு இன்னும் தெளிவானது. பருவ ஆட்டங்களில் முதலிடம் பெற்ற வாஷிங்டன் அணி, எட்டாம் நிலையில் நுழைந்த மொன்றியல் அணியிடம் முதல் சுற்றிலேயே ஏழு ஆட்டங்களில் தோற்றது. ஓவெச்கின் ஏழு ஆட்டங்களில் 10 புள்ளிகள் பெற்றிருந்தார். எதிரணியின் கோல் காவலர் யாரொஸ்லாவ் ஹாலாக் ஆறாம் ஆட்டத்தில் மட்டும் 53 முயற்சிகளைத் தடுத்தார். அடுத்த சுற்றில் அதே மொன்றியல் அணி நடப்பு வெற்றியாளரான குரோஸ்பியின் அணியையும் ஏழு ஆட்டங்களில் வீழ்த்தியது. தோல்வி ஒன்று, வீழ்த்திய அணியும் ஒன்று. குரோஸ்பி விமர்சனத்திற்கு முற்றிலும் தப்பினார் எனக் கூற இயலாது. ஆனால் அவரது தோல்விக்குக் காரணத்தை அவர் பிறந்த நாட்டில் எவரும் தேடவில்லை. பெட்டிகுரு கூறிய வேறுபாடு இதுவே.

2008 முதல் 2017 வரை ஒன்பது முறை இறுதிக்கட்டத்தில் ஆடியும் ஓவெச்கினின் அணி இரண்டாம் சுற்றைத் தாண்டவில்லை. 2012ஆம் ஆண்டு நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணிக்கெதிரான ஓர் ஆட்டத்தில் பயிற்றுநர் டேல் ஹண்டர் அவரை 13 நிமிடம் 36 விநாடிகள் மட்டுமே களமிறக்கினார். அணித்தலைவருக்கு அது சிறுமை எனக் கருதத்தக்க நிலையிலும், அவ்வாட்டத்தின் வெற்றிக் கோலை அடித்தவர் அவரே. 2018ஆம் ஆண்டு வாஷிங்டன் முதற்சுற்றின் முதல் இரு ஆட்டங்களிலும் சொந்தத் தளத்தில் தோற்றுப் பின் மீண்டெழுந்து, ஜூன் 7ஆம் நாள் கோப்பையை வென்றது. ஓவெச்கின் 24 ஆட்டங்களில் 15 கோல்கள் அடித்துக் கான் ஸ்மைத் விருது பெற்றார். கோப்பை வென்ற முதல் ரஷ்ய அணித்தலைவரும் அவரே. அப்போது அவர் இளைஞர் அல்லர், வயது 32. இளமையில் அவர்மேல் சுமத்தப்பட்ட தீர்ப்பு தவறென ஏற்கப்படுவதற்குப் பத்தாண்டுகள் ஆயின.

அழுத்தத்தை எதிர்கொண்ட வழிகள்

மேற்கண்ட வாழ்க்கைக் குறிப்புகளிலிருந்து மூன்று வழிகளை இனங்காண்கிறோம். முதலாவது, மூத்தோர் துணை. மால்கின் கொன்சாரின் இல்லத்தில் தங்கியது போலவே, குரோஸ்பியும் தம் தொடக்கப் பருவங்களில் அணியின் உரிமையாளரும் முன்னாள் வீரருமான மரியோ லெமியூவின் குடும்பத்துடன் தங்கியிருந்தார். அழுத்தம் எந்நாட்டு இளைஞர்க்கும் பொது. அதனைத் தாங்க ஒரு வீடு தேவை என்பதும் பொது.

இரண்டாவது, தம் இயல்பு பிழையாகக் கருதப்படாத சூழல். 1995ஆம் ஆண்டு டிட்ராய்ட் பயிற்றுநர் ஸ்காட்டி போமன், ஃபெதிசோவ், லரியோனோவ், கான்ஸ்டான்டினோவ், கொஸ்லோவ், ஃபியோதொரோவ் என்னும் ரஷ்யர் ஐவரையும் ஒரே பிரிவாகக் களமிறக்கி, அவர்கள் பயின்ற முறையிலேயே ஆடவிட்டார். 1997இல் அவ்வணி 42 ஆண்டுகளுக்குப் பின் கோப்பையை வென்றது. பயிற்றுநர் வீரரை மாற்ற முனையாமல் தம் ஏற்பாட்டை மாற்றிக்கொண்டதன் பயன் இது.

மூன்றாவது, செயலில் ஊன்றி நிற்றல். சால்மிங்கும் ஓவெச்கினும் படிமத்தை மறுத்து வாதிட்டுக் காலம் கழிக்கவில்லை. தம் இயல்பைத் துறக்கவும் இல்லை. ஓவெச்கின் 2018இலும் துள்ளியே மகிழ்ந்தார். 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் 895ஆம் கோலை அடித்து வெய்ன் கிரெட்ஸ்கியின் சாதனையைக் கடந்தபோதும், பனித்தளத்தில் நெஞ்சுபடக் கிடந்து சறுக்கியே மகிழ்ந்தார்.

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்தல் கடமையாகும். உக்ரேன் மீது ரஷ்யா 2022இல் படையெடுத்த பின்னர் ரஷ்ய வீரர்கள்மீது வேறுவகை வினாக்கள் எழுந்தன. ஓவெச்கின் 2017இல் ரஷ்ய அதிபருக்கு ஆதரவாக இயக்கம் ஒன்றைத் தொடங்கியவர். அவர் தாமே செய்த ஒன்றைக் குறித்து அவரை வினவுதல் படிமம் ஆகாது. அதே வினாவிற்கு உரிய விடையை, எதுவும் கூறாத பிற ரஷ்ய இளைஞர்மீது அவர்தம் பிறப்பை மட்டும் கொண்டு ஏற்றுவதே படிமம். ஒருவரின் செயலை மதிப்பிடுவதற்கும் அவரது பிறப்பை மதிப்பிடுவதற்கும் இடையேயான எல்லை இதுவாகும்.

முடிவுரை

வார்ப்புப் படிமம் தோல்வியைத் தேடிச் சேமித்து, வெற்றியை விதிவிலக்காக ஒதுக்குகிறது என்பதையும், ஒன்றுக்கொன்று முரணான குற்றச்சாட்டுகளை ஒரே மக்கள்மீது சுமத்த அது தயங்குவதில்லை என்பதையும் கண்டோம். ஒரு தனிமனிதரின் சறுக்கலுக்கு எண்ணற்ற காரணங்கள் இருக்க, அவற்றை ஆராயும் உழைப்பிலிருந்து அது நமக்கு விடுதலை தருகிறது. அதன் கவர்ச்சி அங்கேதான் உள்ளது.

நம் வகுப்பறைகளிலும் ஒரு தேர்வில் தவறிய மாணவனைப் பற்றி, ‘அந்தப் பகுதிப் பிள்ளைகளே இப்படித்தான்’, ‘அந்தக் குடும்பத்துப் பிள்ளை வேறெப்படி இருப்பான்’ என்னும் சொற்கள் ஆசிரியர் அறையில் எளிதாக உதிர்கின்றன. சிறந்த மாணவனைக் கண்டாலோ, ‘அங்கிருந்து இப்படியும் ஒருவன்’ என வியக்கிறோம். அவ்வியப்பும் அதே வார்ப்புத் தகட்டின் மறுபதிப்பே. ஓவெச்கினுக்குத் தம்மைப் பற்றிய தீர்ப்பை மாற்றப் பத்தாண்டுகளும் பல நூறு கோல்களும் வாய்த்தன. தேர்வு மண்டபத்தில் அமரும் பதினாறு வயது மாணவனுக்கு அத்தகைய காலமும் வாய்ப்பும் வாய்ப்பதில்லை. அவனைக் குறித்து ஒரு சொல்லை உரைக்குமுன், அச்சொல் அவனது விடைத்தாளைக் கண்டு எழுந்ததா, அவனது ஊரையும் குடும்பத்தையும் கண்டு எழுந்ததா என ஒருமுறை நம்மையே வினவிக்கொள்வது ஆசிரியராகிய நம் பொறுப்பாகும்.